டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பெயிண்டைத் தேய்த்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா,

வணக்கம். விமானப்படையில் 20 வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, வேலை பார்த்தவன் நான். தாம்பரத்தில் பயிற்சி முடித்துவிட்டு வடக்கே பல நிலையங்களில் இருந்தேன். நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

1980-களின் கடைசியில் நான் இருந்த நிலையத்தின் வாசலில் நாட் என்ற சின்னப் போர் விமானம் ஒன்று காட்சிக்கு நின்றது. மறுநாள் காலை ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அதற்குள் விமானம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. நாலு பேர் விடிய விடிய எமரி பேப்பரால் தேய்த்தோம். மேலே சாம்பல் நிறம். அதற்குக் கீழே பச்சையும் பழுப்பும் வந்தது. அது ஸ்பிரே இல்லை, பிரஷ் ஓடிய தடம் வரிவரியாகத் தெரிந்தது. அதற்கும் கீழே வெள்ளி. 1965 போர் வந்தபோது வெள்ளியாக மின்னிய விமானங்களை எதிரி கண்ணில் படாமல் மறைக்க அவசர அவசரமாகப் பச்சை பூசினார்கள் என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த அவசரம் அன்றைக்கு என் கைக்கடியிலேயே இருந்தது. கேனப்பி, அதாவது விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி, அதன் விளிம்புக்குக் கீழே யாரோ ஒரு டெக்னீஷியன் கையால் எழுதிய பெயரில் பாதி மிச்சம் இருந்தது. அதையும் தேய்த்தோம். புதுப் பெயிண்ட் அடித்து, புகழ்பெற்ற வேறொரு விமானத்தின் எண்ணை வால் பக்கம் எழுதினோம். அதிகாரி அதன் முன் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அந்த நாட் உண்மையில் எது, எந்த ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவில்) இருந்தது, யார் ஓட்டியது என்று இனிமேல் அதன் உடம்பைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

பாலம் அருங்காட்சியகத்தில் உங்கள் பொறுப்பில் இருப்பவை எவ்வளவு அரியவை என்று உங்களுக்குத் தெரியும். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் நம் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது அதன் கையில் இருந்தது வாபிட்டி என்ற துணி போர்த்திய இறக்கை விமானங்கள் நாலுதான். உலகத்தில் இன்று முழு உருவில் மிஞ்சியிருக்கும் ஒரே வாபிட்டி என்று சொல்லப்படுவது உங்கள் ஹாங்கரில் நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று எங்கும் கிடையாது. அதன் இறக்கைத் துணியை ஒருநாள் மாற்ற நேர்ந்தால், பழைய துணியின் நெசவும் தையலும், துணியை இறுக்கப் பூசும் டோப்பும் எங்கேயாவது ஒரு முழமாவது பத்திரமாக இருக்க வேண்டும். புதுத் துணி எவ்வளவு நேர்த்தியாக வந்தாலும் சரி, பழையது குப்பைக்குப் போகக் கூடாது.

அதே கூரைக்குக் கீழே லைசாண்டர் விமானம் ஒன்று இருக்கிறது. 1942 தொடக்கத்தில் கே.கே. மஜும்தார் தலைமையில் முதல் ஸ்குவாட்ரன் பர்மாவுக்கு எடுத்துப் போன விமான ரகம் அது. தரைப்படைக்கு வேவு பார்க்கச் செய்த அந்த மெதுவான விமானத்தில் குண்டைக் கட்டி, ஜப்பானியரின் விமானதளத்தையே போய் அடித்தார்கள். ஆனால் உங்களிடம் நிற்கிற லைசாண்டர் பர்மாவைப் பார்த்ததில்லை. நாம் லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கனடாவுக்குக் கொடுத்து, அதற்குப் பதிலாக அங்கிருந்து வாங்கியது அது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இரண்டு அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்த நல்ல கதை. அதைப் பலகையில் பெரிதாகவே எழுதலாம். எழுதாமல் விட்டால், பார்க்க வருகிற பிள்ளை இதில்தான் மஜும்தார் பறந்தார் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அதற்குப் பொய் சொல்லி அனுப்பியவர்கள் நாம் ஆகிவிடுவோம்.

பரசுராமா என்று பெயர் வைத்த டகோட்டா போக்குவரத்து விமானத்தின் விஷயமும் இதுதான். அது அருங்காட்சியகத்துடையது இல்லை, பழைய விமானங்களைப் பறக்கவிடும் விமானப்படையின் விண்டேஜ் ஃப்ளைட் பிரிவுடையது, தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பிரிட்டனில் வாங்கி, அங்கேயே சீர்செய்து, 2018-ல் விமானப்படைக்குப் பரிசாக வந்த விமானம். அதன் வாலில் இருக்கும் வி.பி. 905 என்ற எண், 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவுடையது. அந்த நாளுக்கு மரியாதை செய்வது சரிதான், நான் எதிர்க்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில் இந்த விமானத்தின் சொந்தக் கதையையும் எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரவல் எண் என்றால் இரவல் என்று தெரிய வேண்டும்.

அடுத்தவர்கள் நம் விமானத்தின் கதையை இப்படி மறைக்கும்போது எப்படி வலிக்கிறது என்பதற்கு லிபரேட்டர்களே சாட்சி. போர் முடிந்ததும் கான்பூரில் அவற்றை இனி யாரும் பறக்கவிட முடியாதபடி உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குவியலிலிருந்து 40-க்கும் மேற்பட்ட விமானங்களைத் தேற்றினார்கள். ஜிம்மி முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். விமானப்படை அவற்றை 1968 வரை பறக்கவிட்டது. இன்று பிரிட்டன், கனடா, அமெரிக்கா அருங்காட்சியகங்களில் லிபரேட்டர் இருக்கிறதென்றால் அதில் பல இங்கிருந்து போனவை. அமெரிக்காவில் பல வருடம் கழித்து மறுபடி பறக்கவிட்ட ஒன்றும் அப்படிப் போனதுதான். அதன் மேல் இதுவரை மூன்று அமெரிக்க விமானங்களின் வேஷம் மாறி மாறி ஏறியிருக்கிறது. இருபது வருடம் அதற்கு உயிர் கொடுத்த நம் மெக்கானிக்குகளின் சுவடு அந்தப் பெயிண்டில் எங்கே? இந்த வருத்தம் நமக்கு இருக்கும்போது நாமே நம் விமானங்களுக்கு அதைச் செய்யலாமா?

எந்த நாட்டு விமானம் என்று காட்ட அதன் மேல் வரையும் வட்டச் சின்னத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூவர்ண வட்டத்தை எல்லா விமானத்திலும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. போர்க்காலத்தில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று நடுச் சிவப்பையே எடுத்துவிட்டு, கரும்நீலத்துக்குள் வெளிர்நீலம் வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு கொஞ்ச காலம் அசோகச் சக்கரம் இருந்தது. 1950-ல்தான் பச்சை, வெள்ளை, காவி வந்தது. 1948-ல் காஷ்மீரில் பறந்த டெம்பெஸ்ட் போர் விமானத்துக்கு மூவர்ண வட்டம் வரைந்தால் அது அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஃப்ளாக் பெய்ட் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட தடவை போருக்குப் போய், உடம்பில் ஆயிரத்துக்கும் மேல் ஒட்டுப் போட்ட விமானம். பழைய பெயிண்டையும் ஒட்டையும் அப்படியே காப்பாற்றத்தான் அங்கே பாடுபடுகிறார்கள். லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில், நார்வே ஏரியிலிருந்து 1973-ல் தூக்கிய ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தை நொறுங்கிய கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதன் முன் நிற்பவர் சத்தமாகப் பேச மாட்டார்.

டெல்லி வெயிலும் தூசியும் மார்கழிப் பனியும் எனக்குத் தெரியும். வெட்டவெளியில் நிற்கும் விமானத்துக்குப் பெயிண்ட் இல்லாவிட்டால் அலுமினியம் பொரிந்து போகும், மெக்னீசியம் பாகங்கள் மாவாக உதிரும். பழைய டயல்களில் ரேடியம் பூச்சு இருக்கும், அதைக் கழற்றத்தான் வேண்டும். எதையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். எந்தப் பாகம் பழையது, எது மாற்றியது என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். பழைய பெயிண்டில் ஓர் அடிச் சதுரமாவது ஒவ்வொரு விமானத்திலும் விட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு கூரை போடுங்கள். கூரை இருந்தால் வருடா வருடம் பெயிண்டே அடிக்க வேண்டியதில்லை.

இது அவசரம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானம் ஓய்வு பெற்றது. 60 வருடத்துக்கு மேல் பறந்த விமானம். ஓய்வு பெற்றவை ரவுண்டானாவுக்கும் கல்லூரி வாசலுக்கும் போகும், சில உங்களிடமும் வரும். வரும்போது அதன் பராமரிப்புப் பதிவேடான எஃப்-700, ஏர்ஃப்ரேம் லாக் புக், இன்ஜின் லாக் புக் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். விமானம் ஒரு ஊருக்கும் காகிதம் ஒரு கிடங்குக்கும் பிரிந்துபோனால் மறுபடி சேராது. நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. பேனல்களைக் கழற்றினால் உட்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கும். எந்தப் பேனல் எங்கே என்று குழம்பாமல் இருக்க நாங்கள் எழுதி வைத்த எண்கள், தேதிகள், சில இடத்தில் பெயர்கள். தமிழ் எழுத்தும் அங்கங்கே இருக்கும், தாம்பரத்திலிருந்து போன பையன்கள் நிறையப் பேர். உங்களிடம் இருக்கும் நாட் விமானத்தையோ மாருத் விமானத்தையோ அடுத்த தடவை திறக்கும்போது, துடைப்பதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள். சென்னையிலிருந்து ரயில் செலவு எங்களுடையது. அது யார் கையெழுத்து என்று பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள் எங்களில் இன்னும் சிலர் இருக்கிறோம்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்,
தாம்பரம்