எட்டுப் பெண்கள், ஓர் ஆண்: யுனெஸ்கோ புள்ளிவிவர நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

யுனெஸ்கோ புள்ளிவிவர நிறுவனத்தாருக்கு வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வருடத்துக்கு ஒருமுறை பள்ளி விவரப் படிவம் வரும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே காரணத்தால் அதை நிரப்பும் வேலை என் தலையில் விழும். ஆசிரியர் எண்ணிக்கை என்று போட்டு, ஆண், பெண் என இரண்டு கட்டங்கள் இருக்கும். எங்கள் பள்ளியில் பெண்கள் 8, ஆண் 1. அந்த ஒருவர்தான் தலைமையாசிரியர். எட்டுப் பேரில் மூவர் ஒப்பந்த ஆசிரியைகள். எங்கள் சம்பளத்தில் பாதிகூட அவர்களுக்குக் கிடையாது, அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதும் தெரியாது. படிவம் இதையெல்லாம் கேட்கவில்லை. பெண்கள் 89 சதவீதம் என்று எங்கோ ஒரு கணினியில் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட படிவங்கள்தான் கூட்டிக் கழிக்கப்பட்டு, ஒவ்வொரு நாட்டின் கல்வித் துறை வழியாகவும் கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருக்கும் உங்களிடம் வந்து சேர்கின்றன. நீங்கள் வெளியிடும் எண்ணையே உலக வங்கியும் எடுத்துப் போடுகிறது. உலகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்கிறது உங்கள் கணக்கு. மழலையர் வகுப்புகளில் அது 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. உயர்நிலைப் பள்ளியில் பாதியைச் சற்றே தாண்டி நிற்கிறது, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போனால் பாதிக்கும் கீழே. பிள்ளை வளர வளர வகுப்பில் ஆசிரியை குறைந்துகொண்டே வருகிறார். சம்பளமும் மரியாதையும் எந்தத் திசையில் கூடுகின்றன என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இந்த விழுக்காட்டை வைத்துப் பாராட்டுரை வாசிப்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். மார்ச் 8 வந்தால் போதும். ஆனால் பெண்கள் இந்த வேலைக்கு வந்த கதையில் பாராட்டுக்குப் பெரிய இடம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1839-ல் லெக்சிங்டனில் ஆசிரியைகளுக்கென்று அரசு ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தது. முதல் நாள் வந்தவர்கள் மூன்றே மூன்று பெண்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த நாட்டு வகுப்பறைகள் பெண்களால் நிரம்பின. தாய்மைக் குணம், பொறுமை என்றெல்லாம் அப்போது பேசினார்கள். அதோடு சேர்த்து, ஆணுக்குக் கொடுப்பதில் பாதியோ அதற்கும் குறைவோ கொடுத்தால் போதும் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். பொதுப் பள்ளிகள் வேகமாகப் பெருகிய காலம் அது. கையில் காசு குறைவு, ஆசிரியர் தேவையோ அதிகம். அந்த இடைவெளியைப் பெண்களின் சம்பளத்தை வைத்து நிரப்பினார்கள்.

அப்புறம் கல்யாணம். அயர்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1934 முதல் 1958 வரை இருந்தது. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட தடை 1944-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடுதான் போனது. அங்கே ஆசிரியைக்கும் ஆசிரியருக்கும் முழுச் சம சம்பளம் வர 1961 ஆயிற்று. அதற்கு முந்தைய வருடங்களிலும் பெண்களின் விழுக்காடு என்று ஒன்றைக் கணக்கிட்டிருக்கலாம், பார்க்க நன்றாகவே இருந்திருக்கும்.

எண் குறைவாக இருக்கும் இடங்களில் கதை வேறு. சாட், லைபீரியா போன்ற நாடுகளில் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் கால்வாசியைக்கூட எட்டவில்லை. பள்ளியில் ஒரு பெண்கூட இல்லை என்றால் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் உண்டு. பெண் பிள்ளைகள் படிக்காமல் போனால் பத்து வருடம் கழித்து ஆசிரியை எங்கிருந்து வருவார்? ஆகவே அங்கே இந்த விழுக்காடு உயர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாட்டுச் சராசரி ஒன்றை மட்டும் பார்த்தால், இருக்கிற ஆசிரியைகள் எல்லாம் நகரத்திலேயே குவிந்து கிடப்பதும், பேருந்து போகாத ஊர்ப் பள்ளியில் ஒருவர்கூட இல்லாததும் கண்ணுக்குப் படாது. தங்க இடம், கழிப்பறை, பாதுகாப்பான வழி இல்லாத ஊருக்கு இடமாறுதல் போட்டால் யார்தான் போவார்கள்?

இன்னொன்று. இந்த எண் பழைய கணக்கு. இன்று வகுப்பில் நிற்பவர்கள் பத்து, இருபது வருடங்களுக்கு முன்னால் படித்துவிட்டு வந்தவர்கள். ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். 2021-லிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடப்பட்டது. ஏற்கெனவே இருக்கும் ஆசிரியைகள் தொடக்க வகுப்புகளில் இன்னும் பாடம் நடத்துகிறார்கள். அதனால் விழுக்காடு உடனே கவிழ்ந்துவிடாது. அவர்கள் ஓய்வு பெறும் வரை அட்டவணை பார்ப்பவருக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றும். அவர்கள் இடத்துக்கு வர வேண்டியவள் இப்போது ஆறாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, நான் கேட்பது என்ன? பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதை ஆண், பெண் என்று பிரித்துத் தருகிறீர்கள், நல்ல விஷயம். அதே அட்டவணையில் பக்கத்திலேயே தலைமையாசிரியர்களில் பெண்கள் எத்தனை என்று போடுங்கள். பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த ஓஈசிடி (OECD) அமைப்பின் 2018 ஆசிரியர் ஆய்வில், அந்த நாடுகளின் சராசரியாக, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளின் நடுநிலை வகுப்புகளில் ஆசிரியைகள் 68 சதவீதம், பள்ளித் தலைமையில் பெண்கள் 47 சதவீதம் என்று வந்தது. இரண்டும் அருகருகே இருந்ததால்தான் அந்த இடைவெளி தெரிந்தது. நிரந்தர வேலையில் எத்தனை பெண்கள், ஒப்பந்தத்தில் எத்தனை பெண்கள் என்பதையும் கேளுங்கள். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் எத்தனை என்பதும் வேண்டும், நகரம், கிராமம் என்ற பிரிவும் வேண்டும். எல்லா நாடும் உடனே தராது, தெரியும். தராத நாட்டுக்கு நேராகக் கட்டத்தை வெற்றாக விடுங்கள். வெற்றுக் கட்டம் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

படிவம் நீண்டுவிடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். எத்தனையோ வருடம் அதை நிரப்பியவள் சொல்கிறேன், மேசை நாற்காலி எத்தனை என்று கேட்கவே அதில் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு நான்கு வரிக்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை