சருகை எரிக்காதீர்கள், எனக்குக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் கொல்லையில் எட்டடிக்கு நாலடி இடம், வீடு கட்டியபோது சிந்திய ஜல்லியும் சிமென்ட்டும் இறுகி, மண்வெட்டி இறங்காமல் கிடந்தது. சித்திரையில், தோண்டாமலே அதன்மேல் அடுக்குப் பாத்தி போட்டேன். அடியில் உங்கள் நாளிதழ்தான்! எட்டெட்டுத் தாளாக, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சொட்டச் சொட்ட நனைத்தேன். வழவழ விளம்பரத் தாள்களைச் சேர்க்கவில்லை. அதன்மேல் ஒரு சாண் சருகு, நாலு விரல் சாணி, காய்கறித் தோல், மறுபடி சருகு. உச்சியில் தொழுவுரம் கலந்த செம்மண்.

வைக்கோலை நனைக்காமல் போட்ட ஒரு மூலையில் மட்டும் கரையான் ஏறிவிட்டது. அதைப் பிரித்து நனைத்து, வேப்பம் புண்ணாக்கு தூவினேன். முழங்கால் உயரம் இருந்த பாத்தி ஆடிக்குள் பாதியாக அமுங்கிவிட்டது. “உன் மெத்தை இறங்கிப்போச்சே” என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். சரி, அதில் நட்ட கத்தரி இப்போது அவர் இடுப்புக்கு நிற்கிறது.

அடுத்த பாத்திக்குத்தான் சருகு கிடைக்கவில்லை. தெருவில் தினமும் காலையில் வேப்பஞ்சருகைக் கூட்டித் தீ வைத்துவிடுகிறார்கள். புகையில் கண் எரிகிறது. பெருக்குபவர்கள் அதைச் சாக்கில் கட்டி, கேட்கிற வீடுகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யக் கூடாதா? சாக்கு நானே தருகிறேன்.

ஒரு வாசகி,
தஞ்சை மாவட்டம்