அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவின் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோயில் படம் நன்றாக வந்திருந்தது. ஆனால் "கொல்லையில் விளைந்த கிழங்கும் ஆற்று மீனும் சாப்பிட்டே இந்தத் தீவு மக்கள் ஐரோப்பியர்களுக்கு இணையான ஆரோக்கியத்தோடு வாழ்கிறார்கள்" என்று நடுவில் ஒரு வாக்கியம். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் அங்கே 18 வருடம் செவிலியராக இருந்தவள். வீடு வீடாகப் போய் இன்சுலின் போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருகிற வேலை. கட்டுரையாளர் எத்தனை நாள் தங்கினார் என்று கேட்கமாட்டேன். சராசரி ஆயுளைப் பார்த்து எழுதியிருப்பார். அந்தக் கணக்கு தப்பில்லை. பெண்களின் ஆயுள் பிரான்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆண்களுடையது கொஞ்சம் குறைவு. ஆனால் அதே கணக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தையும் பார்த்திருக்கலாம். ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் பிரான்சில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரை நோயும் அப்படித்தான். புரோஸ்டேட் புற்றுநோய் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் குவாதலூப்பும், அதேபோல் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவும் உண்டு.

குளோர்டெகோன் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்லப் போட்ட பூச்சிமருந்து. அமெரிக்காவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் கண்டு 1975-ல் ஆலையையே மூடினார்கள். பிரான்ஸ் 1990-ல்தான் தடை செய்தது. இந்த இரண்டு தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து 1993 வரை போடவிட்டார்கள். அதற்கு முன்பே, 1974-ல், மார்த்தினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து இந்த மருந்து வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இன்றைக்கு அங்கே பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது.

வாழைப்பழத்தில் அந்த நஞ்சு ஏறுவதில்லை. பழம் நல்லபடியாகக் கப்பலேறிப் போய்விட்டது. மருந்து மண்ணிலேயே தங்கிவிட்டது. அங்கிருந்து கிழங்குக்கு, கோழி முட்டைக்கு, ஆற்று மீனுக்கு. வாழைத் தோட்டப் பகுதி ஆறுகளில் மீன் பிடிக்கவே தடை. அந்த மீனைத்தான் தங்கள் கட்டுரை ஆரோக்கியம் என்கிறது.

எனக்கு ஒரு நோயாளி இருந்தார். கப்பெஸ்தேர் பக்கம், மலைச்சரிவில் வீடு. அவருடைய பாட்டனார் காரைக்காலிலிருந்து கப்பலில் போனவர். 1854-லிருந்து 40,000 பேருக்கு மேல் அந்த ஒரு தீவுக்குப் போனார்களே, அவர்களில் ஒருவர். இவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாகற்காயைப் 'பரோக்கா' என்பார், வேப்பிலையை 'வெப்பெலே' என்பார். நான் காரைக்கால்காரி என்று தெரிந்த நாளிலிருந்து காசு வாங்காமல் ஏதாவது கொடுத்துவிடுவார். வருடக்கணக்காகத் தோட்டத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாழையடியிலும் அந்த வெள்ளைப் பொடியை வெறுங்கையால் போட்டவர். கையுறை கொடுத்தார்களா என்று கேட்டேன். ஒருவரும் கொடுக்கவில்லையாம். மத்தியானம் அந்தக் கையோடுதான் சாப்பாடு.

அவர் கொல்லை மண்ணைப் பரிசோதித்த முடிவு வந்தது. படித்துச் சொல்ல வேண்டியது என் வேலை. சொந்தக் கொல்லைக் கிழங்கை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் சாப்பிடக் கூடாது, நன்றாகக் கழுவித் தோலைத் தடிமனாகச் சீவ வேண்டும் என்று சொன்னேன். அவர் அப்போதுதான் தோண்டிய ஒரு வள்ளிக்கிழங்கை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் தோலைச் சுரண்டி மோந்து பார்த்தார். என் மூக்கிடமும் நீட்டினார். மழை பெய்த மண் வாசனைதான் வந்தது. "இதிலேயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். போகும்போது வழக்கம்போல இரண்டு கிழங்கைப் பையில் போட்டுவிட்டார். என் பிள்ளைகளுக்கு அந்தக் கிழங்கைத்தான் ஏழெட்டு வருடமாக அவித்துக் கொடுத்திருந்தேன்.

2014-ல் புரோஸ்டேட் புற்றுநோயில் போய்விட்டார். பூச்சிமருந்து வேலை பார்த்தவர்களுக்கு வரும் இந்த நோயைத் தொழில்நோய் என்று அரசு ஏற்றுக்கொண்டது 2021 டிசம்பரில். தீவில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர், அவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரத்தத்தில் குளோர்டெகோன் அதிகமானால் ஆபத்தும் அதிகமாகிறது என்று குவாதலூப்பிலேயே ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டுவிட்டார்கள். குறை மாதப் பிரசவத்தோடும் தொடர்பு கண்டிருக்கிறார்கள்.

இது மட்டுமா? குழாயில் தண்ணீர் முறை வைத்து வரும். பாதிக்கு மேல் குழாய் ஒழுகலிலேயே போய்விடுகிறது. சர்க்கரைக்காரரின் கால் புண்ணைக் கழுவக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் கழுவியிருக்கிறேன். பிரான்சில் விற்கும் அதே பெயர் போட்ட தயிரிலும் குளிர்பானத்திலும் தீவுகளுக்கு மட்டும் சர்க்கரையைக் கூட்டிப் போட்டார்கள். அதைத் தடுக்க 2013-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் வரும்வரை யாருக்கெல்லாம் ஊசி போட்டேன் என்று எனக்கு முகம் முகமாக நினைவிருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் இதழை நான் கல்லூரி நாளிலிருந்து படிக்கிறேன். 2018-ல் அதிபர் மக்ரோன் மார்த்தினிக்குக்கு வந்து குளோர்டெகோன் ஒரு சுற்றுச்சூழல் அவலம் என்று ஒப்புக்கொண்டபோது தங்கள் இதழில் ஒரு வரி இல்லையே என்று எழுதினேன். பதில் இல்லை. அந்த மருந்து பற்றி 2006-ல் தொடுத்த வழக்கை 2023 ஜனவரியில் நீதிபதிகள் யாரையும் தண்டிக்காமல் முடித்துவைத்தபோது மறுபடி எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. கடல் கடந்த தமிழர் என்று வருடத்துக்கு ஒரு சிறப்பிதழ் வருகிறது. அதில் கோபுரம் வருகிறது, காவடி வருகிறது, தமிழை மறந்துவிட்டார்கள் என்ற வருத்தம் வருகிறது. அந்த ஜனங்களின் உடம்பு மட்டும் வருவதில்லை. பக்கத்து வீட்டில் அதே தோட்டத்தில் வேலை பார்த்த கறுப்பின மக்களின் உடம்பும் வருவதில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் நாலு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். கொல்லைக் கிழங்கு, ஆற்று மீன் என்ற அந்த வாக்கியம் தவறு என்று இருந்தால் போதும். அப்புறம், கட்டுரையைப் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் சாலையோரத்தில் விற்கும் கிழங்கை எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பக்கம் இல்லை என்றால் என் கடிதத்தைப் போட வேண்டாம். திருத்தம் மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
காரைக்கால்.