ஒரு நாள் இலவசமும் மறுநாள் கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், 'இன்று மட்டும் இலவசம்' என்று கிடைக்கும் மென்பொருள்களைப் பற்றிய குறிப்பைப் படித்தேன். காசுக்கு விற்கும் மென்பொருளை 24 மணி நேரத்துக்குள் இறக்கி நிறுவிக்கொண்டால் பைசா செலவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். அப்புறம் என்ன ஆகும் என்பதை எழுதவில்லை. பட்டவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

தபால்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, வீட்டில் கிடந்த பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து ஆல்பமாக்கும் வேலையில் இறங்கினேன். அதற்கான மென்பொருள் இப்படி ஒரு நாள் சலுகையில்தான் கிடைத்தது. 140 படங்கள். ஒவ்வொன்றிலும் நிற்பவர்கள் யார் யார் என்று அத்தையிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கீழே எழுதிவைத்தேன். ஆறு மாத வேலை.

சித்திரையில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நல்லவேளையாக, ஆல்பத்தையும் மென்பொருளின் செட்டப் ஃபைலையும் பென்டிரைவில் போட்டு வைத்திருந்தேன். கடைக்காரர் புது டிஸ்க் மாட்டி விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். தெம்பாக செட்டப்பைத் திறந்தேன். சலுகைக் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. கடைப் பையன் யோசனை சொன்னான் என்று கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளியும் பார்த்தேன் (வெட்கமாகத்தான் இருக்கிறது). அந்த செட்டப் என் கடிகாரத்தை நம்பவில்லை. இணையம் வழியாகத் தன் சர்வரைத்தான் கேட்கிறது.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கே நிறுவ வேண்டும், சொந்த உபயோகத்துக்கு மட்டும், அப்டேட் கிடையாது, பிறகு மறுபடி நிறுவ முடியாது என்று நிபந்தனையில் எழுதித்தான் இருந்தது. இலவசம் என்ற எழுத்துக்குக் கீழே நான்தான் கண்ணை ஓட்டவில்லை.

இலவசத்திலும் வகை உண்டு. புகைப்படக்காரர்களுக்குத் தெரிந்த, படங்களைத் திருத்தும் மென்பொருள் தொகுப்பான நிக் கலெக்‌ஷனை 2016 மார்ச்சில் கூகுள் இலவசமாக்கியது. 2017 அக்டோபரில் அது டிஎக்ஸ்ஓ நிறுவனத்துக்குக் கைமாறி, 2018-ல் மறுபடி விலைக்கு வந்தது. ஆனால் கூகுள் காலத்து செட்டப்பை எடுத்து வைத்திருந்தவர்கள் பிறகும் நிறுவிக்கொள்ள முடிந்தது. விண்டோஸ் 10 இலவச மேம்பாடு 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு. அந்த உரிமம் கணினியின் வன்பொருளோடு ஒட்டிக்கொண்டது. டிஸ்க்கை மாற்றினால் பரவாயில்லை, மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல். விஎல்சி, லிப்ரே ஆபிஸ், கிம்ப் போன்றவற்றுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எந்த நாளும் இறக்கலாம், எத்தனை முறையும் நிறுவலாம். ஒரு நாள் சலுகையில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது மென்பொருள் அல்ல, அன்றைக்கு அந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளும் அனுமதி மட்டுமே.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸை ரீசெட் செய்யும்போது 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுத்தாலும், நாம் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். அதனால் டிஸ்க் நன்றாக இருக்கும்போதே குளோன்ஜில்லா போன்ற ஒரு மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் அப்படியே படியெடுத்து வைப்பது நல்லது. அந்தப் படியைத் திரும்ப ஏற்றினால் நிறுவியவையும் சேர்ந்தே வரும். செட்டப் ஃபைலை மட்டும் சேர்த்து வைத்துப் பயனில்லை.

மென்பொருள் போனால்கூடப் பரவாயில்லை. என் ஆல்பம் அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற வடிவத்தில் இருக்கிறது. படங்கள் ஜேபெக் கோப்புகளாகத் தனியே பத்திரம். அத்தை சொன்ன பெயர்கள்தான் உள்ளே மாட்டிக்கொண்டன. இனி இப்படி ஒன்றைப் பரிந்துரைக்கும்போது, மறுபடி நிறுவ முடியுமா, செய்த வேலையை ஜேபெக், பிடிஎஃப் போன்ற பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்போதைக்கு அதன் 15 நாள் சோதனைப் பதிப்பைப் போட்டிருக்கிறேன். ஆல்பம் திறக்கிறது. பெரியம்மா முகத்தின் குறுக்கே நிறுவனத்தின் பெயர் சாய்வாக ஓடுகிறது. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 96 படம் முடிந்தது. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.