ஐபேட் வாங்கும் முன்: ஒரு பெற்றோரின் திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் பைத்தான் நிரல்மொழி வகுப்புக்கு நன்கொடை திரட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஐபேட் வாங்கலாம் என்ற பேச்சு காதில் விழுந்தது. ஆர்டர் கொடுக்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

‘ஐபேடில் பைத்தான் ஓடும்’ என்று கடைக்காரர் சொன்னால் அது பொய் இல்லை. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13, ஐபேடுக்கு அடிப்படையான ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் மூன்றாம் நிலை (அதிகாரபூர்வ ஆதரவில் கடைசிப் படி) ஆதரவு தருகிறது. ஆனால் அது செயலி எழுதுபவருக்கான வசதி. அவர் தம் செயலிக்குள் பைத்தானைப் பொதித்து ஆப் ஸ்டோரில் வைக்கலாம். விண்டோஸில் செய்வதுபோல் பிள்ளைகளே பைத்தானை இறக்கி நிறுவ முடியாது.

சரி, பைத்தானைப் பொதித்த பைத்தானிஸ்டா, ஏ-ஷெல் போன்ற செயலிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, தொடக்கப் பாடத்துக்குப் போதும். சிக்கல் அப்புறம்தான் வரும். கணக்கீட்டுக்கு உதவும் நம்பை போன்ற கூடுதல் தொகுப்புகளில் சி மொழியில் எழுதிய பகுதிகள் உண்டு. அவை செயலிக்குள் முன்பே இருந்தால் சரி. இல்லையென்றால் பைத்தான் தொகுப்புகளை இறக்கி நிறுவும் ‘பிப்’ கட்டளையால் கொண்டுவர முடியாது. சி பகுதிகள் இயந்திரக் குறிமுறையாக, அதாவது சில்லு நேரடியாக ஓட்டும் கட்டளைகளாக, வருகின்றன; கையொப்பமில்லாத அத்தகைய குறிமுறையை ஆப்பிள் ஓட விடுவதில்லை. வங்கிச் செயலி வைத்திருக்கும் நமக்கு அந்தப் பூட்டு நல்லதுதான், மறுக்கவில்லை.

நாளை ஜாவா மொழி, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் என்று போனால் இன்னும் கஷ்டம். ஓடும்போதே இயந்திரக் குறிமுறையை உருவாக்கும் ‘ஜிட்’ முறைதான் அவற்றுக்கு வேகம் தருகிறது. ஐபேடில் அந்த அனுமதி நம் மலேசியாவில் ஆப்பிளின் சொந்த உலாவி எஞ்சினுக்கு மட்டுமே. அதனால் உலாவிக்காகவே ஆக்கிய பைத்தானான பயோடைட் மூலம் உலாவிக்குள்ளேயே பைத்தான் நன்றாக ஓடும். ஆனால் அதை முதலில் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்குள் லைன் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு கொஞ்சம் இளக்கம். டெர்மக்ஸ் என்ற கட்டளைவரிச் செயலியில் பிப் வேலை செய்யும். ஆனால் ஆண்ட்ராய்டு 10-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காகக் கொண்ட செயலிகள், தாம் இறக்கிய கோப்பை நேரடியாக இயக்க முடியாது. அதனால் டெர்மக்ஸை, பழைய இலக்கோடு இருக்கும் பதிப்பு கிடைக்கும் எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையிலிருந்து போடுங்கள்.

என்னைக் கேட்டால், பயன்படுத்திய மடிக்கணினிகளை வாங்கி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். பார்க்கப் பளபளப்பாக இருக்காது. படம் எடுத்து முகநூலில் போடவும் அழகாக இராது. நன்கொடையாளர் ஐபேடுதான் என்று நின்றால், வகுப்பெடுக்கும் ஆசிரியரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். இணையத்தை அணைத்துவிட்டு ஆண்டிறுதிப் பாடத்தின் நிரலை அவர் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பெற்றோர் ஒருவர்