விஜயதசமிக்கு நாங்கள் வரவில்லை, அக்கா

அக்கா,

விஜயதசமிக்குக் கர்நாடகத்துக் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போக நீ எடுத்த டிக்கெட்டைக் குடும்ப வாட்ஸ்அப்பில் பார்த்தேன். எங்கள் மூன்று பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருந்தது. எல்லாரும் கைகூப்பும் படமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். நான் மட்டும்தான் ஒன்றும் போடவில்லை. அதற்கான பதில்தான் இது. ஃபோனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், மாமா ஃபோனை வாங்கி "சரிம்மா, சரிம்மா" என்பார். எழுதினால் பாதியில் வெட்ட முடியாது.

இங்கே வேறு ஆட்களும் படிக்கிறார்கள். அதனால் என் பையன் பெயரையும் அவன் பள்ளியையும் எழுதமாட்டேன். போன தடவை கொல்லூர் விடுதியில் கடைசி ராத்திரி நாம் பேசிக்கொண்டதையும்தான். நான் சொன்ன அந்த வார்த்தையை ஒரு தங்கச்சி சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் நீ சொன்னதை ஓர் அக்கா... சரி, விடு.

கொல்லூர் எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. மூகாசுரன் கதையை பஸ்ஸிலேயே நீ சொன்னாய். அசுரன் வரம் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் பேச்சையே தேவி பறித்துவிட்டாள். அப்புறம் அவனை வதம் செய்து, அவன் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு மூகாம்பிகை ஆனாள். பின் சீட்டில், இன்னும் பேச ஆரம்பிக்காத என் பையன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சைப் பறித்தவளிடமே போய்ப் பேச்சு கேட்கப்போகிறோமா என்று அப்போதே நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பாய்.

இன்னொரு கதைதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஆதிசங்கரருக்குப் பின்னால் அம்பாள் நடந்து வருகிறாள், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். கொலுசுச் சத்தம் நின்றதும் அவர் திரும்பிவிடுகிறார், அவள் அங்கேயே தங்கிவிடுகிறாள். திரும்பியதற்காக அவரை எல்லாரும் குறை சொல்கிறார்கள். நான் மாட்டேன். எங்கள் வீட்டில் சத்தம் நின்றால் நானும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த்தான் பார்க்கிறேன்.

எம்.ஜி.ஆர். கொடுத்த தங்க வாள், சௌபர்ணிகை ஆற்றுக் குளியல், சுயம்பு லிங்கத்தின் நடுவே ஓடும் தங்கக் கோடு என்று நீ வாங்கிக் கொடுத்த புத்தகத்தில் இருந்ததெல்லாம் இருக்கட்டும். எனக்கு அந்தக் கஷாயத்தை மறக்க முடியவில்லை.

ராத்திரி பூஜை முடிந்து கஷாயத் தீர்த்தம் வாங்க நின்றோமே, அப்போது. மிளகும் சுக்கும் வெல்லமும் சேர்ந்த அந்த வாசனை தூரத்திலேயே மூக்கில் ஏறியது. வெள்ளைச் சோறு, இட்லி, தோல் சீவிய ஆப்பிள் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளை அவன். இவன் குடிக்கமாட்டான், எனக்கு மட்டும் போதும் என்று கை நீட்டினேன். நீ உன் பங்கை உள்ளங்கையில் வாங்கி, ஒன்றும் சொல்லாமல், அவன் முகத்துக்கு நேரே குனிந்து நின்றாய். ஊட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. அவன் உன் சுண்டு விரலை முதலில் தொட்டான். அப்புறம் உன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கை நீட்டி நக்கினான். கன்னம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்தும் விடவில்லை. மிச்சம் ஒரு மிளகுத் திப்பி உன் கைரேகையில் ஒட்டியிருந்தது, அதையும் எடுத்துத் தின்றான்.

ஆறு வருஷத்தில் என் கையிலிருந்து அப்படி எதையும் அவன் வாங்கியதில்லை, அக்கா. இதை உன்னிடம் சொல்லாமல்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த ஒரு நிமிஷத்தோடு நீ நிறுத்தியிருக்கலாம். வரிசையில் நின்றவர்களிடம் திரும்பி, "பேச்சு வராத பிள்ளை, பாத்தீங்களா, அம்பாள் கண்ணத் திறந்துட்டா" என்றாய். முன்பின் தெரியாத பெண்கள் அவன் தலையைத் தொட்டுக் கும்பிட வந்தார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, நீ உள்ளே நின்று வேண்டிக்கொண்டிருந்தாய்: விஜயதசமிக்கு சரஸ்வதி மண்டபத்தில் எழுத்து போடுவது, உண்டியலில் வெள்ளி நாக்கு செலுத்துவது. யாரைக் கேட்டு வேண்டினாய்? இப்போது இங்கே சிங்கப்பூர் தேக்காவில் சொல்லிவைத்து அந்த நாக்கும் தயாராகிவிட்டது என்று மாமா சொல்கிறார். பேச்சு வந்த பிறகு செலுத்துவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அம்பாளுக்கு அட்வான்ஸ் கொடுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

விஜயதசமி அன்று கேரளத்திலிருந்து மட்டும் எத்தனை குடும்பங்கள் அங்கே பிள்ளைகளோடு வரும் என்று உனக்கே தெரியும். அவ்வளவு அழுகைக்கும் மேளத்துக்கும் நடுவே இவன் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கப்போகிறாயா? இங்கே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கே தவில் சத்தம் இருந்தால் நாங்கள் உள்ளே போவதில்லை. பகோடா ஸ்ட்ரீட் பக்கச் சுவரோரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அதை நீ பக்திக் குறைச்சல் என்று அத்தையிடம் சொன்னதும் எனக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் குடஜாத்ரிக்கு ஜீப் பிடிக்கச் சொன்னதும் நீதானே. 1343 மீட்டர் மலை, ரோடு என்று சொல்லவே முடியாத பாதை, வேண்டவே வேண்டாம் என்றேன். ஜீப் தூக்கித் தூக்கிப் போட, நமக்குத்தான் குடல் கலங்கியது. அவன் மலை ஏறும்வரை சிரித்தான். மேலே சங்கரர் அமர்ந்ததாகச் சொல்லும் அந்தச் சின்னக் கல்மண்டபத்தை மேகம் மூடிக்கொண்டபோது, கையை நீட்டி நீட்டி மேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அன்று நீ வேண்டுதல் பேச்சே எடுக்கவில்லை. முட்டிவலியோடு கல்லில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த அக்காவோடு நான் எங்கே வேண்டுமானாலும் வருவேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு, பிடிக்கிற பணத்தை நான் தருகிறேன். ஐயப்பசாமிகள் கூட்டம் குறைந்ததும் தை கடைசியில் போகலாம். ராத்திரி பஸ் வேண்டாம், மங்களூரிலிருந்து கார் வைத்துக்கொள்ளலாம். ஜீப் உண்டு, உன் கையால் கஷாயமும் உண்டு. வெள்ளி நாக்கு உன் பீரோவிலேயே இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. அவனுடைய ஐபேடில் படத்தைத் தொட்டால் என் குரல் வரும்: தண்ணி, போதும், காது வலிக்குது. ஊரிலிருந்து வந்ததும் மலைப் படம் ஒன்று சேர்த்தேன், சாப்பிடும்போதுகூட அதை அழுத்துகிறான். உன் படமும் இருக்கிறது, அதற்குக் குரல் போடவில்லை. நானே "பெரியம்மா" என்று பதிந்திருக்கலாம். மனசு வரவில்லை. உன் படத்தை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான்.

நீயே வந்து பதிந்துவிட்டுப் போ. மேல் வீட்டில் ரெனவேஷன் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் டிரில் சத்தம் இருக்காது. அன்றைக்கு வா. பின்னால் அந்தச் சத்தம் பதிவாகிவிட்டால் உன் படத்தை அவன் தொடவே மாட்டான்.