மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டான் தம்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் கொடையாளியின் நோய் எதிர்ப்பு செல்களை எச்.ஐ.வி. நோயாளிக்குச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை பற்றிய செய்தியைப் படித்தேன். 'எய்ட்ஸ் இனி குணமாகும்' என்று தலைப்பு. அன்று இரவே தம்பி போன் செய்தான். "அக்கா, அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?" அன்றைய மாத்திரையைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தவன் அவன். அதற்குச் செய்த மஜ்ஜை மாற்றில் கொடையாளி நான்தான். ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டதில் இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது. அப்புறம் செல் எடுக்க இரண்டு கையிலும் ஊசியோடு நான்கு மணி நேரம் படுத்திருந்தேன். உதடு மரத்துப்போனதும் நர்ஸ் கால்சியம் கொடுத்தார். புற்றுநோய் போனது. எச்.ஐ.வி.க்கு மாத்திரை தொடர்கிறது.

எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலில் குணமானவர் டிமோதி ரே பிரவுன். பெர்லினில் அவருக்கு 2007-இல் செல் கொடுத்தவருக்கு, அந்த வைரஸ் நுழையும் சி.சி.ஆர்.5 என்ற வாசல் பிறவியிலேயே இல்லை. வட ஐரோப்பியரிலேயே நூற்றில் ஒருவருக்குத்தான் அப்படி. என்னைப் போன்ற சாதாரணக் கொடையாளிகளிடம் செல் பெற்ற இருவருக்கு பாஸ்டனில் வைரஸ் தென்படவே இல்லை. மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கு 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் திரும்பிவிட்டது. எங்கோ சில செல்களுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. 2013-இல் அந்தச் செய்தி வந்தது.

அப்படி ஒளிந்திருப்பதைத் தேடி அழிக்கத்தான் இந்தப் புது முயற்சி. எச்.ஐ.வி.யைப் பார்த்தேயிராத கொடையாளியின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களுக்கு, ஆய்வகத்தில் அதன் புரதத் துண்டுகளைக் காட்டிக் காட்டிப் பழக்குகிறார்கள். மாற்றுக்குப் பின் தாக்கும் வேறு சில வைரஸ்களுக்கு இந்த வழி ஏற்கெனவே உதவியிருக்கிறது. ஆனால் கொடையாளியின் செல்கள் நோயாளியின் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கவும் கூடும். மாற்றுக்குப் பின் தம்பியின் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதில் முதலில் பார்ப்பது பாதுகாப்பை. குணமாவது அதற்கு அப்புறம்தான். புற்றுநோய் இல்லாதவருக்கு இதற்காக மஜ்ஜை மாற்று செய்வதும் இல்லை, அவ்வளவு ஆபத்து.

என் செல்கள் மறுபடி தேவை என்று கூப்பிட்டால் நாளைக்கே போய்ப் படுப்பேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது, டாக்டர் சொல்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி